மாடியறைப் பங்கு

டியர்பார்ன், மிஷிகன்
8 மார்ச் 1987

அன்புள்ள அர்வா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. சுமையாவுக்கு இருமல் தேவலை. பிள்ளைகள் இரண்டும் சுகம்.

வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம் ஆகப் போகிறது. அவருடைய சொத்து விஷயத்தை இனியும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை. சனிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் இமாம் பாகப்பிரிவினைப் பாடம் நடத்துகிறார். நான் ஒன்றுவிடாமல் போகிறேன். எல்லாம் முறைப்படியே செய்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் கபன் துணி, அடக்கச் செலவு. அடுத்தது கடன், ஹலால் இறைச்சிக் கடையில் கொஞ்சம் பாக்கி இருந்தது, அடைத்துவிட்டேன். அடுத்தது வஸிய்யத், தருமத்துக்கென்று அவர் சொல்லி வைத்தது. பள்ளிவாசல் கூரைக்கு ஒரு தொகை சொல்லியிருந்தார், கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். உம்மா முன்னாலேயே போய்விட்டதால் வாரிசு நாம் இரண்டு பேர். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. கவுண்டி அலுவலகத்தில் இருந்த பெண், "உயில் இல்லாம இருந்தா ஆளுக்குப் பாதி" என்றாள். வாப்பா விவரமானவர். ஷரீஅத்படியே பிரிக்க வேண்டுமென்று உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து விலை மதித்தார்கள். அதற்கு மேலேயே கொஞ்சம் போட்டிருக்கிறேன், குறைக்கவில்லை. பணம் நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியது, வட்டி கிடையாது. அதை அடைப்பதற்காக மாடியறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். நம் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். கார் ஆலையில் இரவு ஷிப்ட். இருக்கிற இடம் தெரியாது.

இத்துடன் உன் பெயருக்குக் காசோலை இருக்கிறது. உன் மூன்றில் ஒரு பங்கு. வாப்பா கடைசி வாரம் முழுவதும் தகிய்யா அத்தை பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கதி எனக்கு வேண்டாம். நம் இருவருக்கும் நடுவில் இனி ஒரு கணக்கும் பாக்கியில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது.

கிடைத்ததும் ஒரு வரி போடு. மச்சானுக்கு சலாம். இப்திசாமுக்கு முத்தம்.

உன் தம்பி,
நுமான்

*

டெலானோ, கலிபோர்னியா
20 மார்ச் 1987

நுமானுக்கு,

சலாம். 'அன்புள்ள' என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. உன் மச்சான் பிரித்தார். இந்தத் தோட்டக் குடியிருப்புக்கே ஒரு தபால் பெட்டிதான், சாவி மேஸ்திரியிடம், மேஸ்திரி அவர். இதெல்லாம் தெரியாதவன் மாதிரி காசோலையை உள்ளே வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறாய். சாப்பாட்டு நேரத்தில், என் மகள் எதிரில், உரக்கப் படித்தார். 'இனி ஒரு கணக்கும் பாக்கியில்லை' என்ற வரியை இரண்டாம் தரமும் படித்தார்.

"உன் தம்பி உன்னைக் கழட்டி விட்டுட்டான் அர்வா. ரசீது மாதிரியே எழுதி அனுப்பியிருக்கான் பாரு. இனி கோவிச்சுக்கிட்டு எங்க போவே?"

ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டேன், அழுவது கேட்கக் கூடாது என்று.

முர்ஷித் என்னை அடிக்கிறவர் இல்லை. அதை எழுதிவிடுகிறேன், நீ வேறு எதையாவது நினைத்துக்கொள்வாய். ஆனால் அவர் வைத்ததுதான் சட்டம். இந்தப் பதினாறு வருஷத்தில் நான் இரண்டு தடவை அவர் பேச்சை மறுத்திருக்கிறேன். என் வளையல்களை என்னைக் கேட்காமல் விற்றபோது ஒரு தடவை. இப்திசாமைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, நம் நாட்டில் இப் நகரத்தில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி டியர்பார்ன் வந்தேன். அந்த மாடியறையில் இருந்தேன். வாப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மச்சான் தானாகத் தொலைபேசி செய்யும்வரை காத்திருந்து, "பொண்ணு என் வீட்டுல இருக்கு, அவசரம் ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார். உன் மச்சான் இறங்கி வந்தார். அந்த அறை இருந்ததால்தான் இறங்கி வந்தார்.

இப்போது இப்திசாமுக்குப் பதினாலு முடியப் போகிறது. அந்தப் பேச்சை மறுபடி எடுத்துவிட்டார். இந்த நேரம் பார்த்து நீ மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாய்.

நம் ஊரில் தம்பியிடமிருந்து பங்கை வாங்கிக்கொண்டு போகும் பெண்ணை என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? வாசலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். அதனால்தான் பெண்கள் பங்கை அண்ணன் தம்பியிடமே விட்டு வைக்கிறார்கள். பெருந்தன்மை ஒன்றுமில்லை, போக ஒரு இடம் வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்காத பங்கைக் கையில் திணித்துக் கதவைச் சாத்தியவன் நம் ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான்.

நீ பாடத்துக்குப் போகிறாயே, ஒன்று கேட்கிறேன். உனக்கு ஏன் இரண்டு பங்கு? உன் மீசைக்கா? வீட்டுப் பெண்களுக்குச் செலவு செய்வதும் ஆதரவாக இருப்பதும் உன் பொறுப்பு என்பதற்காக. அந்த இரண்டாவது பங்கோடு நானும் சேர்ந்துதான் உன்னிடம் வந்திருக்கிறேன். பங்கை வைத்துக்கொண்டாய், என்னை மட்டும் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாய்.

இது சுமையா சொல்லி நடந்ததா? உண்மையைச் சொல்.

பதிலைப் பக்கத்து வீட்டு ஒஃபேலியா பெயருக்கு அனுப்பு. முகவரி உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள். நமது எழுத்து அவளுக்குப் படிக்கவும் வராது.

அர்வா

*

டியர்பார்ன்
2 ஏப்ரல் 1987

அக்கா,

சலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுமையாவின் மேல் பழி போடாதே. மாடியை வாடகைக்கு விடும் யோசனை என்னுடையது. அவள், "அது மதினி ரூமாச்சே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். நான்தான், "நல்ல காரியத்துக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.

நீ கலிபோர்னியாவில் இருந்தாய், வாப்பாவின் கடைசி நாட்களைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பாட்டனார் விட்டுப்போன மலைச்சரிவுப் படிக்கட்டு நிலத்தில் தகிய்யா அத்தைக்கு ஒரு பங்கு இருந்தது. அத்தை கேட்கவில்லை, வாப்பா கொடுக்கவில்லை. புருஷன் தலாக் சொன்னபோது அத்தை நம் ஊர் வீட்டுக்கு வந்தார். பிறகு நாமெல்லாம் அமெரிக்கா வந்துவிட்டோம், வீடு பூட்டிக் கிடந்தது, அத்தை யார் யார் வீட்டிலோ இருந்து கடைசியில் செத்தும் போனார். பிள்ளை இல்லை. அதனால் அவருக்கு வாரிசு யார் தெரியுமா? வாப்பாதான். கொடுக்காமல் வைத்திருந்த பங்கு முறைப்படி அவரிடமே திரும்ப வந்துவிட்டது. இமாமிடம் நான் கேட்டேன், யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, அத்தைக்காக தருமம் செய்யுங்கள் என்றார். சட்டம் வாப்பாவை விட்டுவிட்டது. அவர்தான் தன்னை விடவில்லை. மூச்சுத் திணறும்போதும் என் கையைப் பிடித்து, "தகிய்யாவுக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்டார். அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அப்போதும் நம்பவில்லை. மறுபடி கேட்டார்.

அதைப் பார்த்தவன் நான். உன் பங்கை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி தூங்க என்னால் முடியாது. நான் அப்படிச் சாகவும் மாட்டேன்.

'தம்பியிடமே இருக்கட்டும்' என்று வெட்கத்துக்காகச் சொல்வது செல்லாது என்று பாடத்தில் சொன்னார்கள். முதலில் பங்கு உன் கைக்கு வர வேண்டும். வந்த பிறகு நீ யாருக்குக் கொடுத்தாலும் அது உன் இஷ்டம். எனக்கே திருப்பிக் கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. அதனால்தான் அனுப்பினேன். உன்னைத் துரத்த இல்லை.

கதவைச் சாத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எப்போது வந்தாலும் நீ எங்கள் விருந்தாளி. பையன்களை நிலவறையில் படுக்கச் சொல்லிவிட்டு மாடியை ஒழித்துத் தருகிறேன். முன்கூட்டி ஒரு வாரம் எழுதினால் போதும்.

நுமான்

*

டெலானோ
15 ஏப்ரல் 1987

நுமானுக்கு,

உன் வீட்டுக்கு நான் விருந்தாளி. ஒரு வாரம் முன்னால் எழுத வேண்டும். சரி.

உன் மேல் எனக்கிருந்த கோபம் வாப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் பாதி போனது. 'விருந்தாளி' என்ற இடத்துக்கு வந்ததும், போன பாதியும் திரும்பி வந்தது. கோபித்துக்கொண்டு வருகிறவள் ஒரு வாரம் முன்னால் கடிதம் போட்டுவிட்டா வருவாள்?

இங்கே நடப்பதை எழுதுகிறேன். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒருவர் மளிகைக்கடை விற்கிறாராம். உன் மச்சான் கூட்டுச் சேரப் பார்க்கிறார். காசோலை என் பெயரில் இருப்பதால் பின்னால் நான் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் காலையில் தேநீரோடு பேனாவையும் கொண்டுவந்து வைக்கிறார். "பொண்டாட்டி சொத்துல புருஷனுக்கு உரிமை கிடையாதுன்னு ஜும்ஆவுக்குப் போற உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "உரிமைன்னு யாரு கேட்டா? பிரியமா கேக்குறேன்" என்கிறார்.

அது போதாதென்று இப்போது புதுசாக ஒன்று. உயிலை எதிர்த்தால் அமெரிக்கச் சட்டப்படி பாதி கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி என்னிடம், "உன் தம்பி உன்னை ஏமாத்திட்டான்" என்கிறார். தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார். இப்திசாமைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த மட்டும் அவருக்கு மார்க்கம் வேண்டும், பணம் என்றால் கவுண்டி வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

பயப்படாதே, நான் கேட்க மாட்டேன். பாதியும் எனக்கு வேண்டாம். காசோலையை மைதா டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அவர் அடுப்படிப் பக்கம் வருகிறவர் இல்லை.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வரும். உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கத் தகப்பன் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்கிறார். கோடையில் டிக்கெட் எடுத்து அவளை ஊருக்கு அனுப்புவேன் என்கிறார். அவள் என்னிடம், "நாம மாமா வீட்டுக்குப் போயிரலாமா உம்மா?" என்று கேட்டாள். முன்னெல்லாம் 'போகலாம்' என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நீ படித்தவன், ஒன்று மட்டும் உன் இமாமிடம் கேட்டு எழுது. வீட்டுக்கு விலை போட்டது பெரியவர்கள். வாங்கியது நீ. எழுதியது நீ. இந்த வியாபாரத்தில் என்னிடம் ஒரு வார்த்தை யார் கேட்டார்கள்?

அர்வா

*

டியர்பார்ன்
3 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு ஐந்தாவது ஓடுகிறது. உனக்கும் இப்திசாமுக்கும் நோன்பு லேசாக இருக்க துஆ செய்கிறேன்.

நேற்றுப் பாடம் முடிந்ததும் எல்லோரும் இருக்கும்போதே இமாமிடம் கேட்டேன். பாராட்டுவார் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா பங்கக் குடுத்துட்டேன். வாங்க மாட்டேங்குறாங்க."

"என்ன குடுத்தே?"

"பணம்."

"உங்க வாப்பா பணமா விட்டுட்டுப் போனாரு? வீடுல்ல விட்டுட்டுப் போனாரு."

"வீட்டைத் துண்டு போட முடியாதுல்ல. அதனால அவங்க பங்கை நான் வாங்கிக்கிட்டேன்."

"அவங்க வித்தாங்களா?"

நான் பாடக் குறிப்பைப் புரட்டினேன்.

"ஏம்ப்பா, பக்கத்து வீட்டுக்காரன் காருக்கு நீயே ஒரு விலை போட்டு, பணத்தை அவன் வாசல்ல வச்சுட்டு, வண்டியை ஓட்டிட்டு வந்துருவியா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். விலை மதிக்க வந்த பெரியவர்களில் ஒருவரும் சிரித்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

பிறகு இமாம் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். வாப்பா கண்ணை மூடிய அந்த நேரத்திலேயே இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு உன்னுடையதாகிவிட்டது. நான் கொடுத்து உனக்கு வரவில்லை. நீ உன் வாயால் விற்கிறேன் என்று சொல்லாதவரை அது உன்னுடையது. பங்கைக் கொடுக்காமல் வைத்திருப்பது எப்படித் தப்போ, கேட்காமல் வாங்கிக்கொள்வதும் அப்படியே தப்பு என்றார். "நீ உங்க வாப்பா பண்ணதை எதிர்ப் பக்கத்துலேர்ந்து பண்ணியிருக்கே" என்றார். வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். என் பயத்தை இறக்கி வைக்க உன் தலைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. மன்னித்துவிடு.

இப்போது ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

காசோலையைத் திருப்பி அனுப்பிவிடு. கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவர்களிடம் சொல்லியாயிற்று. இந்த மாசம் முடிந்ததும் பையன்கள் கிளம்புகிறார்கள். பக்கத்துத் தெருவில் இடம் பார்த்துக் கொடுத்தேன். இத்தனை நாள் வந்த மாடி வாடகையில் உன் பங்கும் உண்டு. அது ஒஃபேலியா பெயருக்கு மணியார்டராக வரும். முன் வாசல் நம் இரண்டு பேருக்கும் பொது. பின்பக்கப் படிக்கட்டில் ஏறினால் நேரே மாடிக்கதவு. அந்தப் பூட்டை மாற்றிவிட்டேன். சாவி இரண்டு. ஒன்று இந்த உறையில் இருக்கிறது. மற்றொன்று சுமையாவிடம், தண்ணீர்க் குழாய் உடைந்தால் திறக்க. வேறு எதற்கும் திறக்க மாட்டாள்.

இனி நீ எழுதிவிட்டு வர வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இதோடு கொஞ்சம் பெருநாள் காசு வைத்திருக்கிறேன். வாப்பா வருஷா வருஷம் உனக்கு அனுப்பியது. அது பங்கில் சேராது. அது தம்பி அக்காவுக்குக் கொடுப்பது.

நுமான்

*

டெலானோ
24 மே 1987

அன்புள்ள தம்பி நுமானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். 'அன்புள்ள' வந்துவிட்டது பார்.

காசோலையை இத்துடன் வைத்திருக்கிறேன். உதறித்தான் வைத்தேன், இருந்தாலும் மாவு ஒட்டியிருக்கும். பெருநாள் காசில் இப்திசாமுக்குச் செருப்பு வாங்கினேன். பச்சை நிறத்தில்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம், உன்னை மாதிரி.

சாவி வந்த அன்றைக்கு நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது, உன் மச்சான் தொப்பி மாட்டுகிற ஆணி. அவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அதில் சாவியை மாட்டினேன்.

நோன்பு திறந்து எழுந்தவர் தொப்பியைத் தேடினார். சாவியைப் பார்த்தார்.

"இது என்ன சாவி?"

"வீட்டுச் சாவி."

"எந்த வீட்டுச் சாவி?"

"என் வீட்டுச் சாவி. டியர்பார்ன்ல இருக்கு."

"அதான் உன் தம்பி கணக்குத் தீத்துட்டானே?"

"நான் விக்கலையே. விக்காததை எப்படித் தீக்குறது? உங்களுக்குச் சந்தேகம்னா எந்த இமாம்கிட்ட வேணும்னாலும் கேட்டுட்டு வாங்க. தம்பி வீடா இருந்தா ஒரு வாரம் முன்னால எழுதிட்டுப் போகணும். இது என் வீடு. எழுத வேண்டியதில்லை."

சாவியை ஆணியிலேயே விட்டார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார். பேக்கர்ஸ்ஃபீல்ட் கடையைப் பற்றியும், கவுண்டிப் பாதியைப் பற்றியும் அதன் பிறகு பேச்சு இல்லை. அவர் திரும்பி வரும்வரை பெட்டியில் துணி அடுக்கி வைத்திருந்தேன், ஒருவேளை கிளம்ப நேர்ந்தால் என்று. இப்திசாம் பச்சைச் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத் தாள் வெள்ளிக்கிழமை வந்தது. அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்தத் தடவை பேனாவை வைத்தவள் நான். அவர் ஆணியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "இவ்வளவு பொடி எழுத்தா போட்டிருக்கானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போதைக்கு வரப்போவதில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை என்பதால் வரவில்லை, அதை நினைத்தாலே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வருவோம், கோபம் இல்லாமல், சும்மா.

மாடியை மறுபடி வாடகைக்கு விட வேண்டாம். பூட்டியே இருக்கட்டும். நீ கைமாற்றைத் திருப்பிக் கொடுத்த பிறகு வீட்டுச் செலவு இழுபறியாக இருந்தால் எழுது, என்னால் ஆனதை அனுப்புகிறேன். கூரை ஒழுகினாலும் எழுது. மூன்றில் ஒரு பங்கு செலவு என்னுடையது. நீ எழுதாமல் விட்டால் நான் இமாமுக்கு எழுதுவேன், சிரிக்கப் பின்வரிசையில் ஆள் இருக்கிறது.

சுமையாவுக்கு என் சலாம். அவளைத் தப்பாக நினைத்ததற்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். தெருப்பக்கத்து ஜன்னலை அளந்து அனுப்பச் சொல். திரைச்சீலை நான் தைத்துக் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா,
அர்வா